சாயாத கலப்பை

"கலப்பை மேல சாயாத, வாலு," என்றார் மேடம்.

சாயவில்லை, ஓய்வெடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மேடத்திடம் வாதாடியவர்களில் பாதிப் பேர் இப்போது கம்பி எண்ணுகிறார்கள். நான் நகர்ந்து நின்றுகொண்டேன்.

செடி வளர்த்து விற்கும் தோட்டம் ஒன்றின் பின்பக்கக் கொட்டகை அது. சிமென்ட் தரை, தகரக் கூரை. நடுவில் ஒரு பழைய தோட்ட டிராக்டர் நின்றது. வயலில் ஓடும் பெரிய டிராக்டருக்குப் பேரன் மாதிரி இருக்கும். ஏறி உட்கார்ந்தால் நம் முட்டி நம் காதைத் தொடும். அதன் பின்னால் ஒற்றைக் கொழு வைத்த சின்னக் கலப்பை மாட்டியிருந்தது. போன வாரம் இந்த வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்ததில், ஓட்டிய தோட்டக்காரர் அடியில் சிக்கி இறந்துபோனார்.

துப்பறிகிற எங்களை வரவழைத்தவர் ஒரு வெல்டர். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னால் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். வண்டியின் பின்னால் கலப்பையை மாட்டுகிற இரும்பு அமைப்புக்கு ஹிட்ச் என்று பேர். இந்தப் பழைய வண்டியின் ஹிட்ச் துருப்பிடித்து விட்டுப்போக, புதுப் பட்டை வைத்து வெல்டிங் செய்து கொடுத்தவர் இவர்தான். அந்த வெல்டிங்கில் இப்போது முடி அளவு ஒரு விரிசல். அதைப் பார்த்த இன்ஸ்பெக்டர் கேஸ் முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். சாயந்திரம் வெல்டரைக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லியிருந்தார்.

"என்னைக் காப்பாத்துங்கன்னு கேக்கல," என்றார் வெல்டர். "என் வெல்டிங் விட்டுச்சா, விடலையா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

"விட்டிருந்தா?" என்றார் மேடம்.

"இனிமே எதையும் ஒட்ட மாட்டேன்."

ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை அந்தக் குரலில். பஸ் எப்போது வரும் என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். நான்தான் இருமி வைத்தேன்.

நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் இறந்தவரின் தம்பி. வீடுகளுக்கு டைல்ஸ் போடுகிறவர். போலீசில் அவர் சொன்னது இதுதான்: அண்ணன் பாதி வயல் உழுதுவிட்டார்; வயலில் கிடந்த பழைய அடிக்கட்டையின் வேரில் கலப்பை மாட்டிக்கொண்டது; வெல்டிங் விட்டு, கலப்பை திரும்பி, வண்டி கவிழ்ந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கி, அண்ணனை அவர்கள் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பி வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டிக்குப் பின்னால் என்ன மாட்டியிருந்தது என்று அந்த ஆட்களைக் கேட்டால் விழிக்கிறார்கள். வண்டிக்கு அடியில் ஒரு மனிதன் கிடக்கும்போது பின்னால் யார் பார்ப்பார்கள்?

"உள்ள வாங்க," என்றார் மேடம் வெல்டரிடம். "இதை எப்படி மாட்டணும்னு எனக்குச் சொல்லிக்குடுங்க."

அவர் வந்தார். கலப்பையைத் தொடாமல், விரலால் காட்டியபடியே சொன்னார்.

"வண்டியைப் பின்னால எடுத்து, ஹிட்ச் ஓட்டையும் கலப்பை ஓட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வரணும். பழைய வண்டி, ஓட்டை தேஞ்சு வாயைப் பொளந்துடுச்சு. சும்மா இரும்புப் பின்னைப் போட்டா லொடலொடன்னு ஆடும். அதனால உள்ள ஒரு குழாய்த் துண்டு செருகிக் குடுத்தேன். பின்னை மேல இருந்து போடணும். கிளிப் தெறிச்சாலும் பின் தன் கனத்துலயே உள்ள நிக்கும். கீழ கிளிப். அப்புறம் ரெண்டு பக்க போல்ட்டையும் இறுக்கி, அது கழலாம இருக்க இன்னொரு நட்டு."

"இப்போ எல்லாம் சரியா இருக்கா?"

வெல்டர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"குழாய் இருக்கு. பின் மேல இருந்துதான் போட்டிருக்கு. கிளிப் இருக்கு, போல்ட்டு இறுக்கமா இருக்கு. எல்லாம் சரியா இருக்கு மேடம். அதான் பயமா இருக்கு. மாட்டினதுல தப்பு இல்லைன்னா தப்பு என்னோடதுதானே?"

ஆளைக் காப்பாற்ற வந்து, கயிற்றை அவர் கையாலேயே கழுத்தில் போட வைத்துவிட்டோம் என்று தோன்றியது. மிட்டாய் எதுவும் மிச்சமிருக்கிறதா என்று சட்டைப்பையில் தேடினேன். தேட வசதியாகப் பேனாவை எடுத்துக் கலப்பையின் மேல்பட்டையில் வைத்தேன்.

மேடம் என்னைத் திட்டவில்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து, நீளவாக்கில் திருப்பி வைத்தார். குறுக்கே வைத்தார். லேசாகத் தட்டிக்கூடப் பார்த்தார்.

"உருள மாட்டேங்குது," என்றார்.

"நல்ல பேனா மேடம். ஒழுக்கமா வளர்த்திருக்கேன்."

மேடம் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததில் எனக்கு வருத்தமில்லை, பழகிவிட்டது. அன்று என் ஜோக்குகள் எனக்கே செத்துப் பிறந்த மாதிரி இருந்ததுதான் வருத்தம். அந்த இடம் அப்படி. எதைச் சொன்னாலும் தகரக் கூரை வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

தோட்டக்காரரின் மனைவி செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். விட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்வது சரியில்லை. ரப்பர் குழாய் ஒரே தொட்டியில் கிடந்தது. தொட்டி நிரம்பி வழிந்து, மண் கரைந்து, அவர் செருப்பு வரை வந்துவிட்டது. மேடம் குழாயை எடுத்து அடுத்த தொட்டியில் வைத்தார்.

"அவர் கலப்பை மாட்டுறப்போ நீங்க கூட இருப்பீங்களாம்மா?"

"பலகை எடுத்துக் குடுக்குறது நான்தான்."

"எதுக்குப் பலகை?"

"இடது சக்கரத்துக்கு அடியில வைக்க." அவர் குழாயைப் பார்த்தே பேசினார். "உழும்போது வலது சக்கரம் முன்ன உழுத சாலுக்குள்ள, அந்தப் பள்ளத்துல இறங்கித்தான் ஓடும். வண்டி சாஞ்சேதான் போகும். அதனால கொட்டகையிலயே பலகை மேல ஏத்தி வண்டியைச் சாய்ச்சுக்குவார். அந்தச் சாய்வுல வச்சுக் கலப்பையை நேராக்கிப் பூட்டுவார். அப்புறம் பலகையை எடுத்தா வண்டி நேரா நிக்கும், கலப்பை ஒரு பக்கமா கோணிக்கிட்டு நிக்கும். பார்க்க நல்லாவே இருக்காது. வயல்ல இறங்கினா சரியாயிடும்."

"ஒவ்வொரு தடவையும் பலகை வைப்பாரா?"

"வைப்பார். அன்னிக்கு நான் செடி கொண்டுபோய்க் குடுக்கப் போயிருந்தேன். இருந்திருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன்."

அந்த அம்மாள் அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அழவில்லை. தண்ணீர் அடுத்த தொட்டியிலும் வழிய ஆரம்பித்தது. இந்த முறை குழாயை நான் நகர்த்தினேன்.

கை கழுவ வேண்டும் என்று கேட்டுக் குளியலறைக்குள் போனேன். திரும்பி வரும்போது பேண்ட் கணுக்கால் வரை ஈரம்.

"உள்ள நீச்சல் கத்துக்கலாம் போலிருக்கு மேடம். தண்ணி எந்தப் பக்கமும் போக மாட்டேங்குது."

"கொழுந்தன் போட்ட தரை," என்றார் அந்த அம்மாள். "தொழில் கத்துக்கிட்டதும் போட்ட முதல் தரை. ரசமட்டத்தை வச்சு வச்சுப் பாத்து, துளி சாய்வு இல்லாமப் போட்டுட்டான். குளிக்கிற எடத்துல சாய்வு வேணும்னு அப்போ தோணல. இப்பவும் எதைக் கையில எடுத்தாலும் முதல்ல ரசமட்டம்தான். சுவத்துல மாட்டுற படத்துக்குக்கூட வைப்பான். தரையை மாத்திடலாம்னு நான் கேட்டாலே இவர், 'என் தம்பி போட்ட முதல் தரை, கிடக்கட்டும்'பார். தினமும் குளிச்சிட்டுத் தண்ணியை அவரே தள்ளிவிட்டுட்டு வருவார்."

குளியலறை வாசல் பக்கம் பார்த்தார்.

"இப்போ யார் தள்ளுறதுன்னு தெரியல."

மேடம் என்னைப் பார்த்தார். வேட்டை முடிந்தது என்று அர்த்தம். ஆனால் வழக்கமாக அந்தப் பார்வையில் ஒரு மினுக்கு இருக்கும். அது இல்லை.

கொட்டகைக்குத் திரும்பினோம். வெல்டர் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார். சக்கரத் தடம் பதிந்த பலகை சுவரோரம் சாத்தியிருந்தது.

"பாதி வயல் உழுத கலப்பை கோணலாத்தான் இருக்கணும், வாலு. இதுல உன் பேனா உருளல."

"பாதி வயல் பொய்யா இருந்தா? அப்பதான் ஆரம்பிச்சிருந்தா?"

"வெளிய போய்ப் பார். சால் எல்லாம் ஒரே ஆழம், ஒரே சீர். நேரா மாட்டியிருந்தா ஒரு பக்கம் ஆழமா, ஒரு பக்கம் மேலோட்டமா இருந்திருக்கும். உழுதது கோணலா நின்ன கலப்பை. இங்க நிக்கிறது நேரா இருக்கிற கலப்பை. நடுவுல யாரோ கழட்டி, திரும்ப மாட்டியிருக்காங்க. அப்படி மாட்டினவருக்கு இரும்பு வேலை தெரியும்; பின், கிளிப், போல்ட்டு எல்லாம் சரியாப் போட்டிருக்கார். உழவு தெரியாது. சாயவேண்டியதையும் நேராக்குற கை."

வெல்டர் மெல்ல நிமிர்ந்தார்.

"அப்போ கொலைங்களா மேடம்?" என்றேன்.

"அவசரப்படாத. வண்டி விழுந்தப்போ பின்னால கலப்பை இல்ல. வேற என்ன இருந்துச்சு?"

சுவரில் வரிசையாக ஆணி அடித்து மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, சங்கிலி என்று எல்லாம் மாட்டியிருந்தது. எல்லாவற்றிலும் காய்ந்த மண். மேடம் கேட்பதற்கு முன்னால் இந்தத் தடவை நானே கண்டுபிடித்தேன்.

"சங்கிலி மட்டும் குளிச்சிருக்கு மேடம்."

மேடம் தலையாட்டினார். டிராக்டர் சீட்டுக்குப் பின்னால் கைப்பிடி மாதிரி ஒரு கம்பி உண்டு. என் இடுப்பு உயரம் இருக்கும். அதை எனக்குக் காட்டுவது போல விரலால் தடவினார். சங்கிலி உராய்ந்தது போலப் பெயிண்ட் உரிந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

"அந்த ஸ்டூல்ல... இல்ல, அந்த நாற்காலில உக்காரு."

உட்கார்ந்தேன். மேடம் நாற்காலியின் காலைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நாற்காலி என்னோடு சேர்ந்து தரையில் கிறீச்சென்று நகர்ந்தது. அடுத்து முதுகுச் சட்டத்தின் உச்சியைப் பிடித்து இழுத்தார். முன்கால் இரண்டும் மேலே வந்து, நான் மல்லாக்க விழப்போனேன். கடைசி நொடியில் பிடித்துக்கொண்டார்.

"கீழ கட்டினா வண்டி இழுக்கும். மேல கட்டினா வண்டியே மூக்கைத் தூக்கிக்கிட்டுக் கவிழும்," என்றார். பிறகு வெல்டரிடம் திரும்பினார். "ஹிட்ச் தரையில மோதினதுல உங்க வெல்டிங் கீறியிருக்கு. விழுந்ததால உடைஞ்சுது. உடைஞ்சதால விழல."

வெல்டர் அழுவார், கையெடுத்துக் கும்பிடுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் போய் அந்த விரிசலின் மேல் முதல் முறையாகக் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

தம்பியைக் கூப்பிட்டனுப்பினோம். வந்தார். இரண்டு காலையும் மடக்காமல் கவட்டை மாதிரி வைத்து நடந்தார். டைல்ஸ் போடுகிறவர்களுக்கு முட்டிதான் முதலில் போகும். மேடம் எதையும் கேட்கவில்லை. என் பேனாவை எடுத்துக் கலப்பையின் மேல் வைத்தார். அது அசையாமல் கிடந்தது. பிறகு போய்ப் பலகையை எடுத்து வந்து, அவர் முன்னால் தரையில் வைத்தார்.

தம்பி பலகையைப் பார்த்தார், கலப்பையைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது.

"இதை நான் லெவல் பண்ணேனா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"மாட்டினது ஞாபகம் இருக்கு. ரசமட்டம் வச்சது ஞாபகம் இல்ல." தன் கையைப் புரட்டிப் பார்த்தார். "கை அதுவாப் பண்ணியிருக்கும்."

வாசலில் நிழல் விழுந்தது. அவருடைய அண்ணி வந்து நின்றிருந்தார். மூடாமல் விட்ட குழாயிலிருந்து தண்ணீர் எங்கோ ஓடும் சத்தம் கேட்டது. தம்பி அவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடர்ந்தார்.

"அன்னிக்குக் காலையிலயே பாதி உழுதுட்டார். அடிக்கட்டை குறுக்க நின்னுச்சு. அதைப் பிடுங்கிட்டு மிச்சத்தை உழலாம்னு கலப்பையைக் கழட்டினோம். சங்கிலியை ஒரு முனை கட்டையில கட்டிட்டார். இன்னொரு முனையை என்கிட்ட குடுத்தார்."

"எங்க கட்டச் சொன்னார்?" இதைக் கேட்டது மேடம் இல்லை. அண்ணி.

பொய் சொல்ல அவருக்கு அங்கே இடமிருந்தது. செத்தவர் வந்து மறுக்கப்போவதில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"கீழ, ஹிட்ச்சுல கட்டச் சொன்னார் அண்ணி. மண்டி போட்டுத்தான் கட்டணும். எனக்கு முட்டி மடக்கினா உயிர் போகும். அதனால நின்னுக்கிட்டே எட்டுற எடத்துல, சீட்டுக் கம்பியில கட்டிட்டேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. 'நீ கட்டினா சரியாத்தான் இருக்கும்'னுட்டு வண்டியை எடுத்தார்."

தம்பி சுவரில் தொங்கிய சங்கிலியைப் பார்த்தார்.

"வேன் போனதும் நான் மட்டும் நின்னேன். சங்கிலியைப் பார்த்தேன். இதை அண்ணி பார்க்கக் கூடாதுன்னு மட்டும்தான் தோணுச்சு. கழுவி மாட்டினேன். வண்டி வெறுமனே இருந்தா கேப்பாங்கன்னு கலப்பையை மாட்டினேன். வெல்டர் அண்ணனை நான் நினைக்கவே இல்லீங்க. இன்ஸ்பெக்டர் வந்து விரிசலைக் காட்டி வெல்டிங் விட்டுடுச்சான்னு கேட்டார். ஆமான்னுட்டேன். அப்புறம் வாயத் திறக்க வரல."

வெல்டர் இன்னும் அந்த விரிசலில் கை வைத்தபடியே இருந்தார். "வாயத் திறக்க வரல," என்று அவரும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். கோபமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

மேடம் குனிந்து பின்னுக்குக் கீழே இருந்த கிளிப்பைப் பார்த்தார். தரையிலிருந்து ஒரு சாண் உயரம்.

"இதை மாட்ட மண்டி போட்டிருக்கணுமே?"

"போட்டேன்."

"வலிக்கலையா?"

தம்பி யோசித்தார். கணக்கு மறந்தவர் யோசிப்பது போல நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார்.

"இல்லீங்க. எதுவும் வலிக்கல. அன்னிக்கிலிருந்து எதுவுமே வலிக்கல."

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்வேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று மேடம் சொல்வதுண்டு. அன்று பேனாவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"சாயந்திரம் இன்ஸ்பெக்டர் வருவார்," என்றார் மேடம். "நான் சொல்றதைவிட நீங்களே சொல்லிடுங்க."

"சொல்லிடுறேன்."

அண்ணி உள்ளே வந்தார். கொழுந்தன் முகத்தைப் பார்க்கவில்லை. டிராக்டரைச் சுற்றி வந்து கலப்பையின் அருகில் நின்று, அது நேராக நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பலகையை எடுத்து, பழைய இடத்தில் சுவரோரம் சாத்தினார்.

"இதைக் கழட்டிடு," என்றார். "இப்படி நிக்கிறதை என்னால பார்க்க முடியல."

தம்பி தலையாட்டினார். டிராக்டரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கிளிப்புக்காகக் குனிந்தார். ஒரு முட்டியை மடக்கினார். அது சிமென்டைத் தொட்டதுதான் தாமதம், நாங்கள் எல்லோரும் கேட்கும்படி ஒரு சத்தம் அவர் வாயிலிருந்து வந்தது. சொல் இல்லை, வெறும் சத்தம். கை நழுவி இன்னொரு முட்டியும் தரையில் விழுந்தது. எழ முயன்றார், முடியவில்லை. தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போன வாரம் முழுக்க வராத அழுகையெல்லாம் சேர்ந்து வர, அண்ணாந்து பார்த்தார்.

"வலிக்குது அண்ணி," என்றார். "முட்டி வலிக்குது."

அந்த அம்மாள் அவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு அவரும் தரையில் உட்கார்ந்து, எட்டிக் கிளிப்பைத் தானே உருவினார்.